பழைய கேமிங் கம்ப்யூட்டரைக் குறைந்த செலவில் தேற்றுவது எப்படி?

2017, 2018 வாக்கில் நடுத்தர விலைக்கு அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர்களைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி சாமான்கள்தான் இருக்கும். ஐ5-7400 அல்லது ரைசன் 5 1600 பிராசஸர், ஒற்றைக் குச்சியாக 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளை). வாங்கிய புதிதில் எல்லா கேமும் ஓடியது. இன்று புது கேம் ஒன்றை நிறுவினால் லோடிங் முடியவே நேரமாகிறது; உள்ளே போனாலும் திக்கித் திக்கி ஓடுகிறது.

உடனே தோன்றுவது புது கிராஃபிக்ஸ் கார்டு. பல பெட்டிகளுக்கு அது சரியான பதில்தான். ஆனால் எந்தக் கார்டு என்பதை மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான் முடிவு செய்யும். அவற்றைப் பார்க்காமல் கார்டை வாங்கினால், அதற்காக எஸ்எம்பிஎஸ், அப்புறம் பிராசஸர், அதற்காகப் போர்டு என்று தவணையில் ஒரு முழுக் கம்ப்யூட்டரின் விலையைக் கொடுக்க வேண்டி வரும். அதனால் முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பிறகு எது இழுத்துப் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள், அதற்கப்புறம் கடைக்குப் போங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே ரூபாய்க் கணக்கு சொல்லவில்லை. எதற்கு முன்னுரிமை, எதற்கு வேண்டாம் என்பதைத்தான் சொல்கிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

சிபியு-இசட், ஜிபியு-இசட், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஆகிய மூன்று இலவச மென்பொருள்களை இறக்கிக்கொள்ளுங்கள். சிபியு-இசட்டின் மெயின்போர்டு பக்கத்தில் போர்டின் முழு மாடல் பெயர் இருக்கும். ‘பி450’ என்று மட்டும் எழுதிக்கொண்டால் போதாது. பின்னால் வரும் எழுத்துகளும், ரிவிஷன் எண் இருந்தால் அதுவும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் வந்து, இரண்டுக்கும் பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) வேறாக இருப்பது உண்டு. மெமரி பக்கத்தில் ரேம் சிங்கிள் சேனலா டூயல் சேனலா என்று தெரியும். எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கும் குச்சியின் மாடல் எண் கிடைக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஹார்ட் டிஸ்க் ‘குட்’ இல்லாமல் ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.

பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி இரண்டு படம் எடுங்கள்: எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் ஒன்று, முழு போர்டு ஒன்று. கார்டு ஸ்லாட்டின் பின் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் கூண்டு இருந்தால் அதுவரைதான் கணக்கு.

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற அலுவலகக் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கி கேமிங்குக்கு வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. இவற்றில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் கம்பெனியின் சொந்த அளவில் இருக்கும். போர்டுக்குப் போகும் இணைப்பும் வழக்கமான 24 பின்னாக இருக்காது. கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. கார்டுக்குத் தனி பவர் கேபிளும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஸ்லாட்டிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் கார்டுகள்தான் இவற்றுக்கு வழி: ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பு 70 வாட், ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். பெட்டி ஒல்லியான எஸ்எஃப்எஃப் வகை என்றால் அதிலும் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும்.

காசில்லாமல் கிடைப்பவை

மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, போர்டின் பின்பக்கத்தில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் இருந்தால் கேம் ஓடுவது பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸில். கார்டு சும்மா இருக்கும். சுத்தம் செய்வதற்காகக் கழற்றி மாட்டியபோது இது மாறிவிடுவது மிகச் சாதாரணம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் உண்மையில் 144 தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலரிடம் அது 60-லேயே இருக்கும்.

தூசி அடுத்தது. ஹீட்சிங்க் துடுப்புகளுக்கும் ஃபேனுக்கும் இடையே படிந்த தூசி கம்பளம் போல ஒட்டியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள், ஃபேனைச் சுற்ற விடாதீர்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட் பல வருடம் ஆனால் காய்ந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். ஏப்ரல், மே வெயிலில் அறையே 35 டிகிரிக்கு மேல் போகும் வீடுகளில், இந்த ஒரு வேலையிலேயே கேம் நடுவில் திடீரென்று வேகம் குறைவது நின்றுவிடுவதுண்டு.

மூன்றாவது, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி என்ற பயாஸ் அமைப்பு. 3200 வேக ரேம் வாங்கி மாட்டினாலும், இதை இயக்காவிட்டால் அது 2133, 2400 அல்லது 2666-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரைசன் பெட்டிகளில் இந்த வித்தியாசம் கேமில் நன்றாகவே தெரியும், ஏனென்றால் பிராசஸருக்குள் இருக்கும் இணைப்பின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டப்பட்டது. எச்110, பி250 போன்ற பழைய இன்டெல் போர்டுகளில் ரேம் 2400-ஐத் தாண்டாது. அந்தப் போர்டுக்காக வேகமான ரேம் வாங்குவது வீண்.

எது இழுத்துப் பிடிக்கிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாடியூனரையும் நிறுவுங்கள். கார்டின் உபயோகம், கார்டின் வெப்பம், விஆர்ஏஎம் (கார்டின் சொந்த நினைவகம்), ரேம், பிராசஸரின் ஒவ்வொரு கோரின் உபயோகம், எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) இத்தனையும் திரையில் தெரியும்படி வையுங்கள். எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கையும் எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட்டு, நீங்கள் அதிகம் ஆடும் கேமில், கூட்டமான ஓர் இடத்தில் பத்து நிமிடம் ஆடுங்கள்.

கார்டின் உபயோகம் 97, 99 சதவீதத்திலேயே நின்றால் கார்டுதான் தடை. கார்டு 60 சதவீதத்தில் தள்ளாடிக்கொண்டிருக்க, பிராசஸரின் ஒன்றிரண்டு கோர்கள் 100-ஐத் தொட்டால் பிராசஸர் தடை. பிராசஸரின் மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 12 திரெட் கொண்ட (ஒரே நேரத்தில் 12 வேலை பார்க்கும்) பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழுதாக அடைபட்டிருந்தாலும், மற்றவை பெரும்பாலும் சும்மா இருப்பதால் மொத்தம் 30 சதவீதம் போலக் குறைவாகத்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் ரெசொல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு. ஏறவே இல்லையென்றால் பிராசஸர். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த கேமில் அந்த எண்ணைத் தாண்ட முடியாது. வேலோரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்றவற்றை அதிக எஃப்பிஎஸ்ஸில் ஆட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் சிக்குவார்கள்.

சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருந்தும் நடுநடுவே ஒரு விநாடி உறைந்து நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். 8 ஜிபி ரேமில் 7.5 நிரம்பியிருக்கிறதா? 4 ஜிபி விஆர்ஏஎம் முழுதாக நிரம்பியிருக்கிறதா? கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்து, உறையும் அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறதா? இந்த மூன்றும் தனித்தனி நோய். மருந்தும் வேறு வேறு.

மதர்போர்டு எதை அனுமதிக்கும்?

இன்டெல் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 6, 7-ஆம் தலைமுறைப் பிராசஸர்களும் 8, 9-ஆம் தலைமுறைப் பிராசஸர்களும் பார்வைக்கு ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் எச்110, பி250 போன்ற 100, 200 வரிசைப் போர்டில் ஐ5-8400 ஓடாது. 300 வரிசைப் போர்டுதான் வேண்டும். எனவே ஐ5-7400 வைத்திருப்பவருக்கு அதே போர்டில் இருக்கும் உச்சம் 4 கோர், 8 திரெட் கொண்ட ஐ7-7700 வகைதான். இதை செகண்ட் ஹேண்டில் நல்ல விலை கொடுத்து வாங்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஐ3-12100எஃப் என்ற சின்னப் பிராசஸரும் அதே 4 கோர், 8 திரெட்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் வெகுவாக வேகமானது. டிடிஆர்4 ரேம் எடுக்கும் எச்610 போர்டு ஒன்றோடு அதை வாங்கினால் உங்கள் பழைய ரேம் அதிலேயே போகும், கூலரும் பிராசஸர் பெட்டியிலேயே வரும். ஐ7-7700 மிக மலிவாகக் கிடைத்தால் ஒழிய எங்கள் பரிந்துரை இதுதான். வாங்கும்போது போர்டின் பெயரில் ‘டி4’ அல்லது ‘டிடிஆர்4’ இருக்கிறதா என்று பாருங்கள். அதே எச்610-இல் டிடிஆர்5 பதிப்பும் விற்கிறது. பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையில் எதுவும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏஎம்டி ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் வந்த ரைசன் 5 1600 ஓடும் அதே பி350, பி450 போர்டுகளில் பெரும்பாலானவை பயாஸ் மாற்றினால் ரைசன் 5000 வரிசையை ஏற்கும். ஏ320 போன்ற 300 வரிசைப் போர்டுகளுக்கும் இந்த வழியை ஏஎம்டி 2022-இல் திறந்துவிட்டது. எல்லாப் போர்டுக்கும் கம்பெனி பயாஸ் வெளியிட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின் சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, பிராசஸர் பெயருக்கு எதிரே எந்த பயாஸ் எண் என்று பார்த்துக்கொண்டு பிறகு வாங்குங்கள்.

ரைசன் 5 5600 பெரும்பாலானவர்களுக்குப் போதும். 6 கோர், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 65 வாட், கூலர் கூடவே வரும். ரைசன் 5 5500-ம் 5600ஜி-யும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் கேஷ் பாதிதான், 16 எம்பி. கேமில் அது குறையும். விலை வித்தியாசம் சிறிதென்றால் 5600-ஐ எடுங்கள். 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் ஏஎம்4-இல் கேமிங்குக்கு உச்சம்; நியாயமான விலைக்குக் கிடைத்தால் மட்டும். இவற்றோடு கூலர் வராது, நல்ல டவர் கூலர் தனியாக வேண்டும். ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) கொண்ட மலிவு ஏ320 போர்டில் 105 வாட் பிராசஸரை உட்கார வைக்காதீர்கள்.

பயாஸ் மாற்றும் வேலை, பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே நடக்க வேண்டும். புதுசை மாட்டிவிட்டு பயாஸ் மாற்றலாம் என்று நினைத்தால் திரையே வராது. யுஎஸ்பி டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, கோப்பை அன்ஜிப் செய்து போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் வசதி மூலம் ஏற்றுங்கள். சில போர்டுகளில் இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும்; பதிவிறக்கப் பக்கத்தின் குறிப்பில் அது எழுதியிருக்கும். ஏற்றும் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகலாம். யுபிஎஸ் இல்லாத வீடு என்றால் இரவல் வாங்கியாவது வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி விண்டோஸில் இயங்கினால் ரிகவரி கீயை முன்பே எழுதி வையுங்கள். புது ரைசன் போட்ட பிறகு முதல் முறை, இந்தச் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யட்டுமா என்று திரை கேட்கும்; சம்மதித்தால் பழைய சாவி அழிந்துவிடும்.

ஏஎம்4 கூலரைக் கழற்றும் விதமும் முக்கியம். இந்தப் பிராசஸர்களில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும், சாக்கெட்டில் இல்லை. காய்ந்த பேஸ்ட் கூலரோடு பிராசஸரை ஒட்டிப் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸர் பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளையும். பத்துப் பதினைந்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூ அல்லது கொக்கியை விடுவித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்குவது கையில் தெரிந்த பிறகு தூக்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படிப்பது

பெட்டியில் ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சடித்திருப்பதை மறந்துவிட்டு லேபிளில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். பிராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வரியிலிருந்து. அந்தக் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட். அதுதான் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான பலம், மீதி வாட் எல்லாம் 5, 3.3 வோல்ட்டில் உபயோகமில்லாமல் கிடக்கும் எண். நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் மட்டுமே 35 ஆம்பியருக்கு மேல் தரும்.

75 வாட் எடுக்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யோடு அந்த மலிவு எஸ்எம்பிஎஸ் வருடக்கணக்கில் ஓடியிருக்கும். அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். 132 வாட் ஆர்எக்ஸ் 6600-ஐயோ 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060-ஐயோ மாட்டியதும், கேம் கனமான காட்சிக்கு வரும்போது கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். டெஸ்க்டாப்பில் மட்டும் எந்தப் பிரச்சினையும் இருக்காது. கார்டு பழுது என்று கடைக்கு எடுத்துப் போனால் அங்கே நன்றாக ஓடும். ரீஸ்டார்ட்டோடு நின்றால் அதிர்ஷ்டம். பாதுகாப்புச் சுற்று இல்லாத எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கார்டுக்கு 8 பின் இணைப்பு வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை என்றால், டிஸ்குக்குப் போகும் ஸாட்டா பவரிலிருந்து 8 பின்னாக மாற்றும் அடாப்டரைத் தரும் கடைகள் உண்டு. வாங்காதீர்கள். ஒரு ஸாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். பிராசஸருக்கான 8 பின் 4+4 என்றும், கார்டுக்கானது 6+2 என்றும் பிரியும்; இரண்டையும் மாற்றிச் செருக முயலக் கூடாது. கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிள்களைக் கேபினெட்டில் விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. ஒரு கம்பெனியின் கேபிளில் பின் வரிசை இன்னொன்றில் வேறாக இருக்கும்; செருகும்போது பொருந்தும், சுவிட்ச் போட்டதும் டிஸ்க் எரியும்.

தெரிந்த கம்பெனியின் 550 வாட், 5 வருட வாரண்டி கொண்டது ஒன்று இந்த அளவு கார்டுகளுக்குத் தாராளம். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே, தரத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை; வாரண்டிக் காலம் அதைவிட நல்ல அடையாளம். பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள், செகண்ட் ஹேண்டிலும் வாங்காதீர்கள். யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள்: வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். கார்டு மாறியபின் கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு அணைவது இதனால்தான்.

கார்டு தேர்வு

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இதற்குப் போவது நியாயம். 1080பி-யில் ஆடுபவருக்கு 8 ஜிபி விஆர்ஏஎம் இன்று குறைந்தபட்சம். 4 ஜிபி கார்டைப் புதிதாக வாங்காதீர்கள்.

பழைய போர்டுகளுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல், கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் வழிகளான லேன்களின் எண்ணிக்கை. எச்110, பி250, பி450 எல்லாம் பிசிஐஇ 3.0 போர்டுகள் (பிசிஐஇ என்பது கார்டு செருகும் இணைப்பு; 4.0 அதன் புதிய, வேகமான பதிப்பு). ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 லேன் மட்டுமே உள்ள பிசிஐஇ 4.0 கார்டு, அதுவும் 4 ஜிபி. விஆர்ஏஎம் நிரம்பியதும் மீதியை அந்தக் குறுகலான வழியில் ரேமிலிருந்து இழுக்க வேண்டும், 3.0 போர்டில் அந்த வழி இன்னும் பாதியாகிவிடும். புதுப் போர்டில் வைத்து எடுத்த ரிவ்யூவில் பார்த்த எஃப்பிஎஸ் உங்களுக்கு வரவே வராது. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 ஆகியவை 8 லேன் கார்டுகள். 8 ஜிபிக்குள் அடங்கும் செட்டிங்கில் இவற்றால் பெரிய இழப்பு இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி பதிப்பு முழு 16 லேன். பழைய போர்டில் கவலையில்லாமல் ஓடும் கார்டு அது. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் முதல் தேர்வாக வையுங்கள்.

இன்டெல் ஆர்க் பி580-ஐ 12 ஜிபி என்பதற்காகப் பலர் விரும்புகிறார்கள். பழைய பெட்டிக்கு அது ஏற்றதல்ல. பிராசஸர் விஆர்ஏஎம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைஸபிள் பார் வசதி இல்லாத போர்டில் அதன் வேகம் வெகுவாக விழும். அது இருந்தாலும் ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசஸர்களோடு எதிர்பார்த்ததைத் தராது. ஐ5-7400 பெட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரே பெயரில் வேறு சரக்கு விற்பதையும் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் ‘2048எஸ்பி’ என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது உண்மையில் ஆர்எக்ஸ் 570-இன் அளவு சிப். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 8 ஜிபி பதிப்பும், ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி பதிப்பும் பெயர் ஒன்றானாலும் வேகம் குறைந்தவை. 3050 6 ஜிபியை பவர் கேபிள் இல்லாத பெட்டிக்காக மட்டும் வாங்குங்கள்.

ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 இப்போது மலிவாகக் கிடைக்கும். இவை பாஸ்கல் தலைமுறை. 2025 அக்டோபரோடு இவற்றுக்கு, புது கேம்களுக்கேற்ற கேம் ரெடி டிரைவர் தருவதை என்விடியா முடித்துக்கொண்டு, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாக அறிவித்தது. தவிர ரே டிரேசிங் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டுவது) வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே திறக்காத கேம்கள் வந்துவிட்டன. 2024-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம் அப்படிப்பட்டது. பழைய கேம்கள் மட்டும் ஆடுபவருக்கு ஜிடிஎக்ஸ் 1070 இன்னும் நல்ல கார்டு. புது கேம்களுக்காக வாங்குவதானால் ஆர்டிஎக்ஸ் அல்லது ஆர்எக்ஸ் 6000 வரிசைக்குக் கீழே போகாதீர்கள்.

ரேமும் எஸ்எஸ்டியும்

இங்கே யோசிக்க அதிகம் இல்லை. மொத்தம் 16 ஜிபி, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. ஒற்றைக் குச்சியில் ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே பாதி வழிதான் திறந்திருக்கும். இரண்டாவது குச்சி போட்டதும் கேமின் திக்கல் குறைவது கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டதால், பழைய குச்சிக்கு ஜோடியாக அதே வேகத்தில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுவது இப்போது புத்திசாலித்தனம். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

எஸ்எஸ்டி இல்லாத பெட்டி என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்குங்கள். ஸ்டார்ஃபீல்டு போன்ற கேம்கள் எஸ்எஸ்டி-யைக் கட்டாயம் என்றே கேட்கின்றன. சாதாரண ஸாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை படிக்கும், என்விஎம்இ என்ற வேகமான வகை அதைப் போல ஆறு மடங்கு. ஆனால் பெரும்பாலான கேம்களில் இந்த இரண்டுக்கும் இடையே லோடிங் வித்தியாசம் சில விநாடிகள்தான். ஹார்ட் டிஸ்கிலிருந்து ஸாட்டாவுக்கு மாறுவதுதான் பெரிய தாவல். போர்டிலேயே எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால் அது என்விஎம்இ எடுக்குமா, ஸாட்டா வகை மட்டுமா என்று போர்டின் கையேட்டில் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 போட்டதும் ஒரு ஸாட்டா போர்ட் செயலிழக்கும். ஹார்ட் டிஸ்க் காணவில்லை என்று பதறாமல் அடுத்த போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டைச் சோதிப்பது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ வேறு எங்கோ, மாட்டி ஓட்டிக் காட்டாத கார்டை வாங்க வேண்டாம். ஜிபியு-இசட்டைத் திறந்து பெயர், விஆர்ஏஎம், ஷேடர் (கார்டில் கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கை மூன்றையும் கம்பெனித் தளத்தோடு ஒப்பிடுங்கள். மிகப் பழைய கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது நடக்கிறது. அப்படிப்பட்ட என்விடியா போலிகளை ஜிபியு-இசட் பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று காட்டிக்கொடுக்கும். பிறகு ஒரு கனமான கேமையோ பெஞ்ச்மார்க்கையோ குறைந்தது இருபது நிமிடம் ஓட விடுங்கள். ஐந்து நிமிடச் சோதனையில் சூடே ஏறியிருக்காது. திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் மெமரி போய்விட்டது, பேரமே வேண்டாம். வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் பேஸ்ட் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். ஃபேன் கரகரவென்றால் அதுவும் அப்படியே. எல்லா எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் துளைகளிலும் ஒரு முறை கேபிள் செருகிப் பாருங்கள்.

கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியபோது அப்படிப்பட்ட கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பல இன்னும் நன்றாக ஓடுகின்றன. ஃபேனும் தெர்மல் பேடும்தான் அவற்றில் முதலில் தேய்வது. ஸ்குரூ மேல் ஒட்டிய சீல் கிழிந்து, உள்ளே சிப்பைச் சுற்றி ஃபிளக்ஸ் (பற்றவைக்கும்போது தடவும் பசை) கறை தெரிந்தால் மட்டும் விலகிவிடுங்கள். அது சூடாக்கித் தற்காலிகமாக உயிர் கொடுத்த கார்டாக இருக்கலாம்.

விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற்பது இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 5 2600 போன்றவற்றிலிருந்தும்தான். ஐ5-7400-ம் ரைசன் 5 1600-ம் வெளியே. குறுக்கு வழியில் நிறுவலாம். ஆனால் வேலோரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் வசதி) இரண்டையும் கேட்கும், பேட்டில்ஃபீல்டு 6-ம் செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பில் நிறுவியிருந்தால் டிஸ்கை ஜிபிடி என்ற புது அமைப்புக்கு மாற்றி, பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய பூட் முறை) அணைத்த பிறகுதான் செக்யூர் பூட் வரும். டிஸ்கை மாற்றாமல் சிஎஸ்எம்மை மட்டும் அணைத்தால் விண்டோஸ் பூட் ஆகாது. இத்தனை இருப்பதால் எஸ்எஸ்டி வாங்கும் அன்றே விண்டோஸையும் புதிதாக யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் நிறுவிவிடுவது நல்லது.

எந்தப் பெட்டிக்கு எந்த வரிசை?

ஏஎம்4 போர்டு என்றால்: எஸ்எஸ்டி, இரண்டாவது ரேம் குச்சி, எஸ்எம்பிஎஸ், கார்டு, பிறகு ரைசன் 5 5600. நீங்கள் ஆடுவது போட்டி கேம்கள், அளந்து பார்த்ததில் பிராசஸர்தான் தடை என்றால் கடைசி இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

ஐ5-7400 போன்ற பெட்டி என்றால், அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூட வரும் பொருளில் மட்டும் பணம் போடுங்கள். எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு, கேபினெட் எல்லாம் கூட வரும். டிடிஆர்4 ரேம், அதை எடுக்கும் போர்டை வாங்கினால் வரும். அந்தச் சாக்கெட்டுக்கான பிராசஸர் வராது. 2013-க்கு முந்தைய டிடிஆர்3 பெட்டியில் ஒரு ஸாட்டா எஸ்எஸ்டி-க்கு மேல் எதுவும் போடாமல் பணத்தைச் சேமித்து வைப்பதே மேல்.

முதல் முறை சுவிட்ச் போடும்போது

பழைய கார்டை எடுப்பதற்கு முன் டிடியு என்ற இலவசக் கருவியால் பழைய டிரைவரை நீக்குங்கள். ஏஎம்டி, என்விடியா மாறும்போது இது கட்டாயம். கார்டைச் செருகும்போது ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கி ‘டக்’கென்று பூட்ட வேண்டும். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் முதலில் 8 பின் கேபிள், அடுத்து மானிட்டர் கேபிள், அதற்கடுத்து ரேமைக் கழற்றி ஒற்றைக் குச்சியோடு முயற்சி என்ற வரிசையில் போங்கள். ரேமோ பிராசஸரோ மாற்றியிருந்தால் முதல் பூட்டில் இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழுவது இயல்பு. சில நிமிடம் பொறுங்கள். அப்படியும் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, போர்டின் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் ஆரம்ப நிலைக்கு வந்துவிடும். எக்ஸ்எம்பி-யைத் திரும்ப இயக்க வேண்டும். சிஎஸ்எம் முறையிலேயே கிடக்கும் பழைய போர்டில் புதுக் கார்டு சில சமயம் படம் காட்டாது. பழைய கார்டை மாட்டி யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், மாற்றுவதற்கு முன் அளந்த அதே கேமில், அதே இடத்தில் ஆஃப்டர்பர்னரோடு பத்து நிமிடம் ஆடி, ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியையும் பாருங்கள். 16 லேன் கார்டுக்கு ‘எக்ஸ்8’ அல்லது 8 லேன் கார்டுக்கு ‘எக்ஸ்4’ என்று காட்டினால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது கீழ் ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள். கழற்றி, ஸ்லாட்டை ஊதி, பிராசஸருக்கு அருகில் உள்ள ஸ்லாட்டில் மறுபடி மாட்டுங்கள்.